பாரி/ஜிபி: 3825123056546413051 என்ற ஒரே எண்ணை வைத்து ஒரு மதிப்புரை

எண்களை ஆராயும் எந்தப் புதிய மென்பொருள் கைக்கு வந்தாலும் நான் முதலில் கொடுத்துப் பார்ப்பது இந்த எண்ணைத்தான்:

3825123056546413051

19 இலக்கங்கள். ஒற்றைப்படை. 5இல் முடியவில்லை. இலக்கங்களைக் கூட்டினால் 64 வருகிறது, ஆகவே 3ஆல் வகுபடாது. 7, 11, 13 என்று கையால் வகுத்துக்கொண்டே போனாலும் மீதி வந்துகொண்டே இருக்கும். பகா எண்தான் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும்.

ஆனால் இது பகு எண். பகா எண் சோதனைகளைத் தாண்டிப் போவதில் இதற்கென்று தனி இடம் உண்டு. அந்தச் சோதனைகளில் ஒன்று மில்லர்-ராபின்: அடிமானம் என்று ஓர் எண்ணை எடுத்து, பெரிய அடுக்குக்கு உயர்த்தி, சோதிக்கும் எண்ணால் வகுத்தால் வரும் மீதியைப் பார்க்கும். 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23 என்ற முதல் ஒன்பது பகா எண்களையும் அடிமானமாக வைத்து மில்லர்-ராபின் சோதனை செய்தாலும், ஒன்பதிலும் தேறிவிடுகிற மிகச் சிறிய பகு எண் இதுதான். 29, 31 இரண்டையும் சேர்த்துப் பதினொன்றாக்கினாலும் அப்போதும் தேறும். இதைவிடச் சிறியது கிடையாது என்று ஜாங் என்ற கணிதவியலாளர் ஊகித்தார். பிறகு ஜியாங், டெங் இருவரும் அதை நிரூபித்தார்கள்.

எண் கோட்பாடு சொல்லிக் கொடுப்பவன் என்பதால் மாணவர்கள் எழுதும் நிரல்களைப் படித்துப் பார்ப்பது என் வழக்கம். ஒரு மாணவி ஒன்பது அடிமானங்களோடு ஒரு சோதனை எழுதியிருந்தாள். சுத்தமான நிரல், படிக்கவே நன்றாக இருந்தது. இந்த எண்ணைக் கொடுத்தேன். பகா எண் என்றது. "சார், ஒன்பது சாட்சியும் ஒரே மாதிரி சொல்லுதே, அப்புறம் யாரை நம்புறது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் திறந்தது பாரி/ஜிபி என்ற எண் கோட்பாட்டு மென்பொருளை. இந்த மதிப்புரையும் அந்தக் கேள்வியை ஒட்டியதுதான். பகா எண்ணா இல்லையா என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கிற கருவி எனக்குப் போதாது. ஏன் என்பதை நானே தோண்டிப் பார்க்க விட வேண்டும்.

பாரி/ஜிபி பற்றித் தெரியாதவர்களுக்கு: பிரான்சில் போர்டோ பல்கலைக்கழகத்தில் ஆன்ரி கோஹனும் அவரோடு இருந்தவர்களும் 1980களில் தொடங்கியது. இப்போது கரீம் பெலாபாஸ் தலைமையில் தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள். கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது. இதில் பாரி என்பது சி மொழியில் எழுதிய நூலகம். ஜிபி என்பது அதன்மேல் உட்கார்ந்து நாம் தட்டச்சு செய்யும் முகப்பு. நிறுவ விருப்பமில்லை என்றால் உலாவியிலேயே ஓடும் பதிப்பு அவர்கள் தளத்தில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசிக்கு பாரிட்ராய்டு என்ற செயலியும் உண்டு.

முகப்பில் அழகு எதுவும் இல்லை. ஒரு கேள்விக்குறி, பக்கத்தில் துடிக்கும் கோடு, அவ்வளவுதான். எண் எவ்வளவு பெரிதானாலும் ஓர் இலக்கம்கூடச் சிதையாது என்பதுதான் முதல் நிம்மதி. இணையத்தில் கிடைக்கும் சாதாரணக் கணிப்பான் பக்கங்கள் பலவற்றில் இந்த நிம்மதி இல்லை. ஜாவாஸ்கிரிப்ட்டின் வழக்கமான எண் வகை 9007199254740992 வரைக்கும்தான் எல்லா முழு எண்களையும் சரியாக வைத்துக்கொள்ளும். நம் எண் அதைவிட 400 மடங்குக்கும் மேல் பெரியது. அந்த வகையில் போட்டால் உள்ளே 3825123056546413056 ஆகி, திரையில் 3825123056546413000 என்று தெரியும். இரட்டைப்படை எண்ணாகிவிட்டதால் "பகு எண்" என்று பதில் வரும். பதில் சரி, ஆனால் ஆராய்ந்தது வேறொரு எண்ணை! இப்படித் தற்செயலாகச் சரியாகிற விடையைத்தான் நான் தவறான விடையைவிட மோசமானதாக நினைக்கிறேன்.

ஜிபியில் ஃபேக்டர் என்ற கட்டளைக்கு எண்ணைக் கொடுத்து என்டர் தட்டினால் காத்திருக்க எதுவும் இல்லை. மூன்று காரணிகள்:

149491 × 747451 × 34233211

மூன்றுமே பகா எண்கள், எதுவும் இரண்டாம் முறை வரவில்லை. இதற்கப்புறம் மற்ற பண்புகள் வரிசையாகக் கிடைக்கும். நம்டிவ் என்ற கட்டளை வகுத்திகளின் எண்ணிக்கையைத் தரும்: 8. சிக்மா எல்லா வகுத்திகளின் கூட்டுத்தொகை: 3825153873523481408. ஆய்லர்ஃபை, இந்த எண்ணுக்குக் குறைவாக, இதனோடு பொதுக்காரணி இல்லாத எண்கள் எத்தனை என்று சொல்லும்: 3825092239639605000. 4ஆல் வகுத்தால் மீதி 3 என்பதால் இதை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியாது. இதெல்லாம் நல்ல கணிப்பான் எதுவும் தரக்கூடியதுதான், இதற்காக மட்டும் நான் யாருக்கும் ஜிபியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அந்த மூன்று காரணிகளிலிருந்தும் ஒன்றைக் கழித்துப் பாருங்கள். 149490, 747450, 34233210. இரண்டாவது, முதலாவதைப் போல் சரியாக 5 மடங்கு. மூன்றாவது, 229 மடங்கு. இது கண்ணில் பட்ட நொடியில் எனக்கு உடம்பு சிலிர்த்தது என்றே சொல்ல வேண்டும். இந்த எண் சோதனையில் தற்செயலாகத் தேறவில்லை. அதன் காரணிகளுக்குள் ஒரு கட்டமைப்பு ஒளிந்திருக்கிறது.

அந்தக் கட்டமைப்பை ஜிபி ஒரே கட்டளையில் திறந்து காட்டும். இந்த எண்ணால் வகுத்த மீதிகளில், அதனோடு பொதுக்காரணி இல்லாதவை பெருக்கலின் கீழ் ஒரு குலம் ஆகின்றன, அதாவது எந்த இரண்டைப் பெருக்கி மீதி எடுத்தாலும் விடை அவற்றுக்குள்ளேயே இருக்கும். அந்தக் குலத்தின் வடிவத்தைக் கேட்பதற்கு ஜெட்-என்-ஸ்டார் என்ற கட்டளை. பதில் மூன்று எண்கள்: 171166050, 149490, 149490. அதாவது எந்த மீதியை எடுத்தாலும் 171166050 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் 1 வந்துவிடும். 19 இலக்க எண்ணுக்கு ஒன்பதே இலக்கத்தில் ஓர் அடுக்கு! இப்போது நம் எண்ணிலிருந்து 1ஐக் கழித்து 171166050ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் 22347440141 வரும்.

அப்படியென்றால் இது ஒரு கார்மைக்கேல் எண். பகா எண்ணுக்கு ஃபெர்மா சொன்ன பண்பு இதுதான்: அதற்குக் குறைவான எந்த எண்ணையும் அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1. அந்தப் பண்பை, தன்னோடு பொதுக்காரணி இல்லாத எல்லா அடிமானத்துக்கும் போலியாக நடித்துக் காட்டும் பகு எண்கள்தான் கார்மைக்கேல் எண்கள். மிகச் சிறியது 561. ஒவ்வொரு பகாக் காரணியிலிருந்தும் ஒன்றைக் கழித்தால் கிடைப்பது, எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்ததை மீதியின்றி வகுக்க வேண்டும், எந்தக் காரணியும் இரண்டு முறை வரக்கூடாது: இந்த நிபந்தனையை கோர்செல்ட் 1899இலேயே எழுதிவிட்டார். இப்படிப்பட்ட எண்களுக்கு முடிவே இல்லை என்று ஆல்ஃபோர்ட், கிரான்வில், பொமெரன்ஸ் மூவரும் நிரூபித்தது 1994இல்தான்.

சரி, ஃபெர்மா சோதனையில் தேறுவது புரிகிறது. மில்லர்-ராபின் அதைவிடக் கடுமையானதாயிற்றே, அதில் எப்படித் தேறுகிறது? 3825123056546413050 என்பதை 2ஆல் ஒரே ஒரு முறைதான் வகுக்க முடியும். அதனால் சோதனை இங்கே ஒரே படியாகச் சுருங்கிவிடுகிறது. அடிமானத்தை 1912561528273206525 என்ற அடுக்குக்கு உயர்த்த வேண்டும். மீதி 1 அல்லது −1 வந்தால் தேறியது. இதை மூன்று காரணிகளுக்கும் தனித்தனியாகப் பார்த்தால், அடிமானம் அந்தக் காரணிக்கு இருபடி எச்சமாக (அதாவது, ஏதோ ஒரு வர்க்க எண்ணை அந்தக் காரணியால் வகுத்தால் வரும் அதே மீதியைத் தருவதாக) இருந்தால் 1, இல்லையென்றால் −1. மூன்றிலும் ஒரே விடை வந்தால் மொத்த எண்ணுக்கும் அதே விடை வரும், எண் தப்பித்துவிடும். காரணிகளில் ஒன்று மட்டும் மாறிச் சொன்னாலும் மாட்டிக்கொள்ளும்.

2 என்ற அடிமானத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று காரணிகளுமே 8ஆல் வகுத்தால் 3 மீதி தருபவை, ஆகவே மூன்றிலும் −1. தப்பித்தது. 149490ஐக் காரணிப்படுத்தினால் 2 × 3 × 3 × 5 × 11 × 151. இதில் 3, 5, 11 மூன்றும் இருப்பதால் மூன்று காரணிகளும் அவற்றுக்கு 1 என்ற மீதியைத்தான் தரும். அந்த மூன்று அடிமானங்களிலும் மூவர் பேச்சும் ஒன்றாகவே இருக்கும். மற்றவற்றுக்கு இப்படி எளிய காரணம் இல்லை. 7, 13, 17 என்று 31 வரை ஒவ்வொன்றிலும் ஒத்துப்போனதால்தான் இந்த எண் புகழ் பெற்றது.

37இல் வந்து கதை முடிகிறது. 149491க்கும் 34233211க்கும் 37 இருபடி எச்சம். 747451க்கு அப்படி இல்லை. ஆகவே விடை 1ம் இல்லை, −1ம் இல்லை, வேறு ஏதோ ஒரு பெரிய எண். ஜிபியில் அந்த விடையோடு 1ஐக் கூட்டி, நம் எண்ணோடு மீப்பெரு பொது வகுத்தி கேளுங்கள். 747451 என்று வந்து நிற்கும். கூட்டுவதற்குப் பதில் 1ஐக் கழித்துக் கேட்டால் மற்ற இரண்டு காரணிகளின் பெருக்கல், 5117556945601. காரணிப்படுத்தும் கட்டளையைத் தொடவே இல்லை, பகா எண் சோதனையில் தோற்ற விடையே காரணியைக் கையில் கொடுத்துவிட்டது! இதை என் மாணவி தன் கையால் தட்டிப் பார்த்தபோது வகுப்பில் மற்றவர்களும் எழுந்து வந்து அவள் திரையைச் சுற்றி நின்றார்கள். பாடத்தை நான் சொல்லி முடித்திருந்தால் அந்தக் கூட்டம் கூடியிருக்காது. ஜிபிக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பெரும்பங்கு இந்த ஒரு வரிக்குத்தான்.

இன்னொன்றும் இதே எண்ணால் தெரிய வந்தது. மூன்று காரணிகளும் ஒத்துப்போகும் அடிமானங்கள் மொத்தம் எத்தனை என்று எண்ணினால் 956273059909901250. ஆய்லர்ஃபை கொடுத்த எண்ணில் மிகச் சரியாக நாலில் ஒரு பங்கு. 9ஐவிடப் பெரிய எந்த ஒற்றைப்படைப் பகு எண்ணும் நாலில் ஒரு பங்குக்கு மேல் மில்லர்-ராபின் சோதனையை ஏய்க்க முடியாது என்பது தேற்றம். நம் எண் அந்த உச்சவரம்பைத் தொட்டே நிற்கிறது. அதனால் அடிமானத்தை முன்கூட்டி முடிவு செய்து வைக்காமல் குலுக்கல் முறையில் எடுத்தால், ஒரு முறைக்கு நாலில் மூன்று வாய்ப்பில் இது பிடிபட்டுவிடும். இஸ்-சூடோபிரைம் என்ற கட்டளைக்கு இரண்டாவதாக ஓர் எண்ணைக் கொடுத்தால் ஜிபி அத்தனை அடிமானங்களைக் குலுக்கி எடுத்துச் சோதிக்கும். 1 என்று கொடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் ஏறக்குறைய நாலுக்கு ஒரு தடவை "தேறியது" என்று வரும். 20 என்று கொடுத்தால் அந்தப் பேச்சே இல்லை. நிலையான அடிமானப் பட்டியலை நம்பி நிரல் எழுதுகிறவர்கள் இந்தச் சோதனையை ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆர்னோ என்பவர் 1995இல் 307க்குக் குறைவான எல்லாப் பகா எண் அடிமானங்களிலும் தேறுகிற 397 இலக்கப் பகு எண் ஒன்றையே கட்டிக் காட்டியிருக்கிறார். பட்டியல் எவ்வளவு நீளமானாலும் அது வெளியே தெரிந்துவிட்டால் அதை மீறும் எண்ணைச் செய்ய முடியும்.

இரண்டாவது எண் கொடுக்காமல் வெறுமனே இஸ்-சூடோபிரைம் கேட்டால் ஜிபி வேறு சோதனை செய்கிறது. 1980இல் பெய்லி, பொமெரன்ஸ், செல்ஃப்ரிட்ஜ், வாக்ஸ்டாஃப் ஆகியோரின் வேலையிலிருந்து வந்தது அது. முதலில் அடிமானம் 2இல் மில்லர்-ராபின், அடுத்து, ஃபிபனாச்சி தொடரைப் போன்ற லூக்கா தொடரை வைத்து ஒரு சோதனை. நம் எண் முதல் பாதியைத் தாண்டி, இரண்டாம் பாதியில் விழுகிறது. இந்த இரட்டைச் சோதனையைத் தாண்டிய பகு எண் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. 2இன் 64ஆம் அடுக்கு வரை அப்படி ஒன்று இல்லவே இல்லை என்பதும் சரிபார்க்கப்பட்டிருக்கிறது. அதற்கு மேலே? ஜிபியின் கையேடே சொல்கிறது: அப்படிப்பட்ட எண்கள் முடிவில்லாமல் இருக்கும் என்றுதான் எதிர்பார்க்கப்படுகிறது என்று. தன் கருவியின் விடை எந்த எல்லை வரை உறுதி, எங்கிருந்து நம்பிக்கை மட்டும் என்று இவ்வளவு நேர்மையாக எழுதி வைத்திருக்கும் மென்பொருளை நான் அதிகம் பார்த்ததில்லை.

அதனால்தான் இஸ்-பிரைம் என்று தனியாக இன்னொரு கட்டளை. இது நிரூபித்துவிட்டுத்தான் பதில் சொல்லும். பெரிய எண்களுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும், எடுக்கட்டும். பிரைம்-செர்ட் என்று கேட்டால் நிரூபணத்துக்கான சான்றையே கொடுத்துவிடும். அதை வேறொருவர் தனியாகச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

குறை என்று பார்த்தால், எனக்கு உறுத்துவது ஃபேக்டர் கட்டளையின் இயல்பு நிலை. பெரிய எண்ணைக் காரணிப்படுத்தும்போது அது தரும் பகாக் காரணிகள் நிரூபிக்கப்பட்டவை அல்ல, மேலே சொன்ன இரட்டைச் சோதனையில் தேறியவை மட்டுமே. கையேட்டில் எழுதியிருக்கிறார்கள், ஃபேக்டர்-புரூவன் என்ற அமைப்பை 1 ஆக்கினால் நிரூபித்தே தரும். ஆனால் கையேட்டைப் படிக்காத மாணவருக்கு இந்த வேறுபாடு திரையில் எங்கும் தெரியாது. நிரூபணம் வேறு, சோதனை வேறு என்று இரண்டு தனிக் கட்டளைகள் வைத்திருப்பவர்கள் இங்கேயும் அதையே இயல்பாக வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

நினைவகமும் அப்படித்தான். தொடக்கத்தில் கணக்குகளுக்கு 8 மெகாபைட் இடம் மட்டும் ஒதுக்கப்பட்டிருக்கும். பெரிய கணக்கில் அது நிரம்பி வழிந்தால் கணக்கு நின்றுவிடும். பாரிசைஸ்மேக்ஸ் என்ற அமைப்பை உயர்த்தச் சொல்லிக் குறிப்பும் வரும். இன்றைய கணினிகளுக்கு அந்த 8 மெகாபைட் மிகக் குறைவு.

கட்டளைப் பெயர்களைப் பழகவும் கொஞ்ச நாள் ஆகும். ஆனால் உதவி அருகிலேயே இருக்கிறது: கேள்விக்குறி போட்டுக் கட்டளைப் பெயரை எழுதினால் சுருக்கமான விளக்கம், இரண்டு கேள்விக்குறி போட்டால் கையேட்டின் முழுப் பகுதி. முழுப் பகுதியைப் படியுங்கள். எந்த முறை, யாருடையது, எந்த எல்லை வரை என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

எவ்வளவு பெரிய எண் வரை தாங்கும் என்று கேட்பார்கள். 2இன் 128ஆம் அடுக்கோடு 1ஐக் கூட்டினால் வரும் 39 இலக்க எண்ணை 1970இல் மாரிசனும் பிரில்ஹார்ட்டும் காரணிப்படுத்தியது அந்தக் காலத்தில் பெரிய சாதனை. 59649589127497217 × 5704689200685129054721. ஜிபிக்கு அது ஒரு நொடி வேலைகூட இல்லை. அதே குடும்பத்தில் 2இன் 512ஆம் அடுக்கோடு 1 என்றால் 155 இலக்கம். 2424833 என்ற சிறு காரணியை, தேடலுக்கு ஓர் எல்லை கொடுத்தால் ஜிபி உடனே பிரித்துக் கொடுக்கும். மிச்சமிருக்கும் 148 இலக்கங்களை இதை வைத்து உடைக்க நினைக்க வேண்டாம். அதில் இருக்கும் சிறிய காரணிக்கே 49 இலக்கம். 1990இல் அதை உடைத்தது எண் களச் சல்லடை என்ற முறை, அது ஜிபிக்குள் இல்லை. ஜிபியிடம் இருப்பவை ரோ முறை, நீள்வட்ட வளைவு முறை, இருபடிச் சல்லடை போன்றவை. 60, 70 இலக்கம் வரை கவலையில்லாமல் கொடுக்கலாம். அதற்கு மேல் போகப் போக, எண்ணின் காரணிகள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. 100 இலக்கத்துக்கு மேல் இரண்டு சம அளவுக் காரணிகள் கொண்ட எண் என்றால் கேடோ-என்எஃப்எஸ் போன்ற தனிக் கருவியைத் தேடிப் போங்கள்.

மற்றபடி, எண் கோட்பாடு படிக்கிறவர், பகா எண் சோதனையை நிரலாக எழுதுகிறவர், ஓர் எண்ணைக் கண்டால் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விட முடியாதவர், எல்லோரும் இதை வைத்துக்கொள்ளலாம். நிறுவியதும் ஃபேக்டர்-புரூவனை 1 ஆக்குங்கள், பாரிசைஸ்மேக்ஸை ஒரு கிகாபைட்டாக உயர்த்துங்கள். கைவசம் மில்லர்-ராபின் நிரல் இருந்தால், 2இன் 64ஆம் அடுக்குக்குள் உள்ள எண்களுக்கு அதன் அடிமானப் பட்டியலில் 37 வரையுள்ள பன்னிரண்டு பகா எண்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தப் பன்னிரண்டும் 318665857834031151167461க்குக் குறைவான எந்தப் பகு எண்ணையும் தப்ப விடாது. என் மாணவி மூன்று எண்களைச் சேர்த்துத் தன் நிரலைத் திருத்திவிட்டாள்.